தங்கைக்கு ஏற்ற உலாவி

மார்ச் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் உள்ளவை:

1. நீ தொலைபேசியில் கேட்ட கேள்வியும், நான் உடனே பதில் சொல்லாததன் காரணமும்.
2. சோதனைக்கு எடுத்துக்கொண்ட நான்கு உலாவிகள்.
3. சோதனை முறை.
4. உன் தேவைகள் பற்றி நான் அறிந்தவை.
5. ஒரு வேண்டுகோள்.

முதலாவது. ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டது ஒரே ஒரு வாக்கியம்: "அண்ணா, தினமும் பாக்கறதுக்கு எந்த பிரௌசர் நல்லது?" நான், "அது வந்து பாப்பா, யோசிச்சு..." என்று தொடங்கினேன். "நீ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள இந்தக் கம்ப்யூட்டரே பழசாயிடும். எழுதி அனுப்பு, படிச்சுக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். கோபித்துக்கொண்டாயா, அல்லது அடுப்பில் ஏதாவது இருந்ததா என்று தெரியவில்லை. எதுவானாலும் எழுதுவது எனக்கு வசதி. பேசினால் யாராவது குறுக்கே வந்துவிடுகிறார்கள். எழுதும்போது உன் அண்ணி மட்டும்தான் குறுக்கே வருகிறாள். இந்தத் தாளின் ஓரத்தில் தேநீர்க் கோப்பையின் வளையம் தெரியும். அது அவள்.

நான் முப்பத்தாறு வருடம் எடை அளவு ஆய்வாளனாக இருந்தவன். கடைக்குள் நுழைந்ததும் "இந்தத் தராசு சரிதான்" என்று கண்ணால் பார்த்துச் சொன்னது கிடையாது. மற்ற ஆய்வாளர்கள் ஒரு நாளில் இருபது கடை பார்த்தால் நான் ஏழு பார்ப்பேன். ஆனால் நான் முத்திரையிட்ட தராசு ஒன்றுகூட மறுசோதனையில் தவறியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

இரண்டாவது. உலாவிகளின் பெயரை நீ மறந்துவிடுவாய், ஆகவே சின்னத்தின் நிறத்தால் குறிப்பிடுகிறேன். உன் கணினியோடு வந்து இப்போது நீ பயன்படுத்துவது சாம்பல். மற்றவை ஊதா, பச்சை, பழுப்பு. உலகத்தில் இன்னும் பல உண்டு. ஆனால் நான்குக்கு மேல் என் நோட்டில் கட்டம் போட முடியவில்லை.

மூன்றாவது. நான்கையும் மாற்றி மாற்றி முப்பது நாள் பயன்படுத்துவேன். திறக்க எத்தனை நொடி ஆகிறது, பத்துப் பக்கம் திறந்த பிறகு கணினி திணறுகிறதா, எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் குலைகிறதா, தமிழ் எழுத்து உடைகிறதா, கேட்காமல் எதையாவது முகத்துக்கு நேரே நீட்டுகிறதா, பாஸ்வேர்டுகளைப் பத்திரமாக வைக்கிறதா, தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறதா. இப்படிப் பத்துத் தலைப்பு, தலைப்புக்குப் பத்து மதிப்பெண்.

நான்காவது. நீ ஓய்வு பெற்ற செவிலியர், வயது அறுபத்தேழு, தனியாக இருக்கிறாய். இணையத்தில் நீ போகும் இடங்கள் ஐந்து: செய்தி, வானிலை, மருத்துவமனை ஓய்வூதியர் பக்கம், மகள் அனுப்பும் படங்கள், குறுக்கெழுத்து. புதிதாக எதையும் தேடுகிற கட்டத்தை நீயும் நானும் கடந்துவிட்டோம். ஆகவே உனக்கு வேண்டியது, இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் அமைதியாக இருக்கும் ஓர் உலாவி.

ஐந்தாவது. துறையின் சோதனைக் கல்லுக்குச் சரியாகக் காட்டும் தராசு, கடைக்காரரின் வெங்காயச் சாக்குக்குத் தடுமாறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதனால் கடைச் சரக்கையும் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். இங்கே உன் சரக்கு வேண்டும், அதாவது நீ புக்மார்க் போட்டு வைத்திருக்கும் பக்கங்கள். உன் சாம்பல் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதி அனுப்ப முடியுமா? இதைக் கேட்கலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். கேட்டது தவறென்றால் இந்தப் பத்தியை மட்டும் படிக்காதே.

அன்புடன்,
அண்ணன்

* * *

மார்ச் 8

தராசு அண்ணாவுக்கு,

பால்தான். பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. கோபமும் கொஞ்சம் இருந்தது, இரண்டையும் சேர்த்தே துடைத்துவிட்டேன்.

கடிதத்துக்கு முன்னால் பட்டியல் போடுகிற ஆள் உலகத்திலேயே நீ ஒருவன்தான். ஐந்தாவது பத்தியைப் படிக்காதே என்று ஐந்தாவது பத்தியிலேயே எழுதியிருக்கிறாய். அண்ணியிடம் காட்டினாயா? விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும் தனித் தாளில் பெரிய எழுத்தில் இருக்கிறது. படித்ததும் கிழித்துப் போடு. நீ கிழிக்கமாட்டாய், கோப்பில் போட்டு வைப்பாய். சரி, பூட்டு உள்ள அலமாரியிலாவது வை. நீ உள்ளே போகும்போது என் கைபேசிக்கு ஓர் எண் வருமாம். கூப்பிடு, சொல்கிறேன்.

இப்போது என் குறையைக் கேள். இந்தச் சாம்பல் இருக்கிறதே, வார்டில் புதிதாகச் சேர்ந்த பெண் மாதிரி எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கிறது. அறிவிப்பு அனுப்பலாமா, இருக்கும் இடத்தைச் சொல்லலாமா, இதை ஏற்கிறீர்களா, அதை மறுக்கிறீர்களா. வானிலை பார்க்கப் போனால் நாலு தடவை 'வேண்டாம்' சொல்லிவிட்டுத்தான் மழை வருமா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எழுத்து வேறு எறும்பு மாதிரி. பெரிதாக்கினால் பாதி வாக்கியம் ஓரத்தில் போய் ஒளிந்துகொள்கிறது.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் ஊதாதான் நல்லது என்கிறார். அவர் கடையில் அதுதான். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டே படித்தேன், ஒரு வாக்கியம்கூட ஒளியவில்லை. எனக்கு ஊதாவே போதும் என்று தோன்றுகிறது. ஆனால் நீ ஆரம்பித்துவிட்டாய், நடுவில் நிறுத்தினால் உனக்குத் தூக்கம் வராது. சோதித்துக்கொள்.

ஒரே ஒரு நிபந்தனை. முப்பது நாள் என்றால் முப்பது. முப்பத்தோராம் நாள் எனக்கு ஒரு பெயர் வேண்டும், இரண்டு பெயர் அல்ல.

பாப்பா

* * *

மார்ச் 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆறு இலக்க எண்ணை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எனக்கு நாலு இலக்கம்தான் பிடிபட்டது. மறுபடி கூப்பிட்டபோது, "ஏன்ணா, நர்ஸுங்க சொல்ற டோஸையும் இப்படித்தான் பாதி கேப்பியா?" என்றாய். உன் அண்ணி பக்கத்திலிருந்து கேட்டுவிட்டாள். அன்று முதல் எனக்கு மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் இரண்டு முறை சொல்கிறாள்.

பதினோரு நாள் நிலவரம். திறக்கும் வேகத்தில் பழுப்பு முதலிடம். ஆனால் குறுக்கெழுத்துப் பக்கத்தில் தமிழ் உயிர்க்குறிகளை எழுத்திலிருந்து பிரித்து, கொம்பை ஒரு கட்டத்திலும் எழுத்தை அடுத்த கட்டத்திலும் போட்டது. அதை ஒன்பதாம் நாளே நிறுத்திவிட்டேன். சாம்பலைப் பற்றி நீ சொன்னது முழுக்கச் சரி. ஒரு காலையில் எண்ணிப் பார்த்தேன், பதினேழு முறை அனுமதி கேட்டது. ஆக, போட்டி பச்சைக்கும் ஊதாவுக்கும்தான்.

பச்சை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கேட்காமல் எதையும் நீட்டுவதில்லை. விளம்பரமோ, தானாகத் திறக்கும் பக்கமோ, எது வந்தாலும் வாசலிலேயே தடுத்துவிடுகிறது, தடுத்தேன் என்று தம்பட்டம் அடிப்பதும் இல்லை. அந்தத் தலைப்பில் பத்துக்குப் பத்துக் கொடுத்தேன். நான் பத்துக்குப் பத்துக் கொடுப்பது அபூர்வம் என்று உனக்குத் தெரியும். ஊதா எழுத்து விஷயத்தில் கெட்டி. ஆனால் எட்டுப் பக்கம் திறந்தால் கணினியின் விசிறி இரைகிறது, எதையாவது தடுத்தால் "தடுத்திருக்கிறேன், பார்க்கிறீர்களா?" என்று கேட்கிறது.

கண்ணாடிக் கடைக்காரரின் கருத்தைக் குறித்துக்கொண்டேன். எழுத்தின் அளவைப் பற்றிச் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. உலாவியைப் பற்றிச் சொல்ல என்ன தகுதி என்று எனக்குத் தெரியவில்லை. தன் கடையில் இருப்பதையே நல்லது என்று சொல்லும் கடைக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சோதனையின்போது வேறொன்றும் கண்ணில் பட்டது. அது உலாவியைப் பற்றியது அல்ல. எழுதலாமா என்று ஐந்து நாளாக யோசித்து, வேண்டாம் என்று இன்று முடிவு செய்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கண்ணாடி மாற்றினாயா?

அண்ணன்

* * *

மார்ச் 24

அண்ணா,

இன்று பட்டியல் நான் போடுகிறேன். கொஞ்ச நாளாக, மேலே எழுத்தடிக்கிற இடத்தில் ஓர் எழுத்து அடித்தாலே, நான் தேடாததை எல்லாம் நான் தேடியதாகச் சாம்பல் காட்டுகிறது:

'முதுகு வலிக்கு நாற்காலி உயரம் எவ்வளவு.'

'எண்ணெய்ப் பலகாரம்' என்று ஆரம்பித்து 'எழுபத்துமூன்று வயதில் வாரம் எத்தனை முறை' என்று முடியும் ஒன்று. அண்ணிக்குத் தெரியுமா?

'தங்கையிடம் சொந்த விஷயம் கேட்பது மரியாதையா.'

அதற்குக் கீழே, கண்ணாடிக் கடையின் பெயர். ஏழு தடவை. ஒரு தடவை அவர் கடை வாசல் படத்தைப் பெரிதாக்கி வேறு பார்த்திருக்கிறாய்.

முதலில் பெட்டிக்குள் வைரஸ் புகுந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாவதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இதை ஓர் இயந்திரத்திடம் போய்க் கேட்கிற வைரஸ் கிடையாது. நீ இன்னும் என் கணக்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாய். நீ தேடுவது எனக்கு வருகிறது என்றால், நான் தேடுவது உனக்கு வருகிறது. அப்படித்தானே?

புக்மார்க் சரியாக வருகிறதா என்று பார்க்கத்தான் சாவியைக் கொடுத்தேன். நீ கூடத்தில் பாய் விரித்துப் படுத்துவிட்டாய்.

என்ன பார்த்தாய்? எதையும் மறைக்காமல் எழுது. 'அது வந்து' வேண்டாம்.

பாப்பா

* * *

மார்ச் 27

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்த அரை மணி நேரத்தில் உன் கணக்கிலிருந்து வெளியேறினேன். நீ எழுதித் தந்த தாளைக் கிழித்துவிட்டேன். கோப்பில்தான் இருந்தது, நீ சொன்னபடி.

முதலில் என் தவறு. சோதனை முப்பது நாள் என்பதால் சாம்பலை முப்பது நாளும் உன் கணக்கிலேயே வைத்திருந்தேன். கடைச் சரக்கு தராசில் இருக்கும்போது நடுவில் எடுக்கக் கூடாது என்பது துறையில் விதி. ஒரு மனுஷியின் அலமாரிக்கு அந்த விதி பொருந்தாது என்று எனக்கு உறைக்கவில்லை. ஐந்தாவது வேண்டுகோளை நான் வைத்திருக்கவே கூடாது.

பார்த்தது. மார்ச் 14, காலை பதினொரு மணி. பதிவுத் தபால் கட்டணம் பார்க்க 'பதிவு' என்று அடித்தேன். உன் பழைய தேடல்கள் கீழே விரிந்தன:

'பதிவுத் திருமணம் அறுபது வயதுக்கு மேல் என்ன சான்றிதழ்கள்.'

'பதிவு அலுவலகம் வெள்ளிக்கிழமை திறந்திருக்குமா.'

'பதிவுத் திருமணம் சாட்சி உறவினராக இருக்க வேண்டுமா.'

எதையும் திறந்து பார்க்கவில்லை. உடனே மூடிவிட்டேன். மூடிவிட்டு அரை மணி நேரம் அந்த வெற்றுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி வந்து, "என்னங்க, கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டாள்.

மற்றவற்றை நானே சேர்த்துப் பார்த்தேன். மார்ச் 8 கடிதத்தில் வேறு யாரைப் பற்றியும் நீ நாலு வரி எழுதவில்லை. கண்ணாடிக் கடையை ஏழு முறை தேடியது அதனால்தான். ஏழு இல்லை, ஆறுதான் என்று மறுக்க முடியாது. வாசல் படத்தைப் பெரிதாக்கியது, உள்ளே நிற்பவர் முகம் தெரிகிறதா என்று பார்க்க. தெரியவில்லை. முழங்கை மட்டும் தெரிந்தது. நல்ல முழங்கைதான்.

நான் எதையும் எடை போடவில்லை. என்னிடம் நீ சொல்லவில்லையே என்பதுதான் உறுத்துகிறது. அதுவும் சாட்சியைப் பற்றிய அந்த மூன்றாவது தேடலைப் பார்த்த பிறகு. உறவினராக இருக்க வேண்டியதில்லை என்று பதில் வந்தால் உனக்கு நிம்மதி என்றுதானே கேட்டிருப்பாய்?

அண்ணன்

* * *

ஏப்ரல் 1

அண்ணா,

ஆமாம், நிம்மதிக்காகத்தான் கேட்டேன். உறவினர் வேண்டாம் என்று பதில் வந்தது. ஆனால் நிம்மதி வரவில்லை.

நீ கேட்காமல் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். போன ஆகஸ்டில் கண்ணாடியின் ஒரு காது உடைந்துவிட்டது. அவர் கடைக்குப் போனேன். உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டி, "கடைசி வரி தெரியுதாங்க?" என்றார். "தெரியல" என்றேன். "முப்பது வருஷத்துல தெரியலன்னு நேரா சொன்ன ஆள் நீங்கதான். எல்லாரும் குத்துமதிப்பா ஏதாவது சொல்லி பாஸ் பண்ணப் பாப்பாங்க" என்றார். நான், "நாப்பது வருஷம் நர்ஸ். குத்துமதிப்பா சொன்னா ஆள் போயிடும்" என்றேன். அவர் சிரித்தார். அவ்வளவுதான், வேறு கதை இல்லை. அப்புறம் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாமலே போக ஆரம்பித்தேன்.

அவருக்கு எழுபது வயது. மனைவி போய் ஒன்பது வருடம். என் வீட்டுக்காரர் போய்ப் பதினொன்று. இரண்டு பேருக்கும் தனியாகச் சாப்பிட்டு அலுத்துவிட்டது. பேச்சில் அவசரம் கிடையாது, ஆனால் பேசத் தொடங்கினால் முடித்துவிடுவார். உன்னை மாதிரி பாதியில் தொங்கவிடமாட்டார்.

மகளிடம் சொன்னேன். "அம்மா, நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்றாள். "நாலு பேரையும் கூட்டிட்டு வா, அவங்களுக்கும் கண் டெஸ்ட் பண்ணிடலாம்" என்றேன். வைத்துவிட்டாள். மூன்று வாரமாகப் பேச்சில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாயே, அதுவும் உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதில் பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்து, போகட்டுமா என்று கேட்டு நின்றேன். அப்பா உன் முகத்தைப் பார்த்தார். நீ 'ஆகட்டும்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பார். நீ, "யோசிக்கலாம்பா" என்றாய். யோசித்து முடிப்பதற்குள் சேர வேண்டிய தேதி போய்விட்டது. அடுத்த வருடம் நானே பரீட்சை எழுதி, யாரையும் கேட்காமல் போனேன். நல்லதாகத்தான் போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு முக்கியமான எதையும் உன் தராசில் கொண்டுவந்து வைக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். பிரௌசரைத்தான் வைத்தேன். அதன் வழியாக நீ இதற்குள் வந்துவிட்டாய்.

வந்தாயிற்று. அதனால் கேட்கிறேன். ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. இரண்டு சாட்சி வேண்டும். அவர் பக்கம் அவருடைய தம்பி. என் பக்கம் பழைய வார்டு சிநேகிதி ஒருத்தியைக் கேட்கலாம், உடனே வருவாள். ஆனால் அந்தக் காகிதத்தில் என் பக்கம் என் வீட்டு ஆள் ஒருவர் பெயராவது இருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. சட்டம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

பட்டியல் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். வருவேன், வரமாட்டேன். இரண்டில் ஒன்று, ஒரே வரியில். பத்தாம் தேதிக்குள் வரவில்லை என்றால் சிநேகிதியிடம் சொல்லிவிடுவேன். கோபித்துக்கொள்ளமாட்டேன்.

பாப்பா

* * *

ஏப்ரல் 4

பாப்பா,

வருகிறேன்.

அண்ணன்

பின்குறிப்பு: ஒரே வரி என்றாய், மேலே எழுதிவிட்டேன். இது கடிதத்தில் சேராது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, வழக்கம்போல் நோட்டை எடுத்தேன். அண்ணி, "அதுல என்ன எழுதப் போறீங்க?" என்றாள். "சாதக பாதகம்" என்றேன். "தங்கச்சி கல்யாணத்துக்கு என்ன பாதகம்? சட்டை இஸ்திரி போடணும், அது ஒண்ணுதான். நோட்ட மூடுங்க" என்றாள். மூடினேன்.

அன்று அப்பா என் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பதில் தெரியும். நீ போக வேண்டும் என்பதுதான் பதில். சொன்னால் அப்பாவின் முகம் எப்படி மாறுமோ என்று பயந்து 'யோசிக்கலாம்' என்றேன். இத்தனை வருடமும் நான் எடை போட்டேன் என்றே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். போடவில்லை. தராசைக் கையில் எடுக்கவே இல்லை, பாப்பா. அது வெறும் பயம்.

என் மருமகளுக்கு நானும் ஒரு வரி எழுதுகிறேன். 23ஆம் தேதி பிற்பகல் ரயிலில் இருவரும் வருகிறோம்.

* * *

ஏப்ரல் 11

அண்ணா,

உன் வாழ்நாளிலேயே மிகச் சின்னக் கடிதம். ஃபிரேம் போடலாம். அதைக் கண்ணாடிக்காரரிடம் காட்டினேன். பின்குறிப்பைப் படித்துவிட்டு, "கடிதத்த விட வால் நீளமா இருக்கே" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் தொழிலே அதுதான் என்றாலும், எனக்குத் தெரியாதா?

மகள் நேற்றுக் கூப்பிட்டாள். "மாமா லெட்டர் போட்டிருக்கார்மா. நாலே வரி. 'நான் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன். நீயும் வந்தால் உன் அம்மா பக்கம் கூட்டம் அதிகமாகும்'னு. மாமாவாம்மா? மாமா முடிவு எடுத்தாரா?" என்று மூன்று தடவை கேட்டாள். வருகிறாளாம். புடவை என்ன நிறம் என்று விசாரித்தாள், அதனால் வருவாள்.

அடையாள அட்டையின் அசல் கொண்டுவா. நகல் மட்டும் போதாதாம். நீ நாலு நகல் எடுத்துவிட்டு அசலை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வருகிற ஆள்.

முப்பது நாள் முடிந்துவிட்டது. பிரௌசர் என்ன ஆச்சு? கல்யாணம் வேறு, அது வேறு. எனக்கு ஒரு பெயர் வேண்டும்.

பாப்பா

* * *

ஏப்ரல் 28

அண்ணா,

நீங்கள் இரண்டு பேரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது அறிந்தேன். வெள்ளிக்கிழமை நடந்ததை நான் எழுதி வைக்கிறேன். உன்னிடம் விட்டால் 'கோப்பு சமர்ப்பிக்கப்பட்டது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவாய்.

அந்த அறை, அந்த மர பெஞ்சு, மேலே கிறீச் கிறீச் என்று சுற்றிய விசிறி. எங்கள் முறை வந்தது. எழுத்தர் எங்கள் விவரங்களை எல்லாம் கணினியில் ஏற்றினார். 'சாட்சிகள் படிவம்' என்று இருந்த இடத்தைச் சொடுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை சொடுக்கினார். கொட்டாவி விட்டார். "சர்வர் டவுனுங்க. திங்கக்கிழமை வாங்க" என்றார்.

மகள் அன்று மாலையே திரும்ப வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் மறுநாள். இவருடைய தம்பி கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். நாற்பது வருடம் வார்டில் உரத்துப் பேசிப் பழகிய நானே, சரி, எழுந்துவிடலாம் என்று பையை எடுத்துவிட்டேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "அது வந்து..."

நினைத்தேன், ஆரம்பித்துவிட்டான் என்று. திரும்பினால் நீ எழுந்து நிற்கிறாய். கை எழுத்தரின் திரையைக் காட்டுகிறது. குரலில் தயக்கமே இல்லை. "அது சர்வர் இல்லீங்க. மத்த பக்கமெல்லாம் திறக்குது பாருங்க. இந்தப் படிவம் தனிப் பக்கமா திறக்கும். நீங்க வெச்சிருக்கற இந்தப் பச்சைச் சின்ன பிரௌசர், கேக்காம திறக்கற எதையும் சத்தமில்லாம தடுத்துடும். மேல வலது ஓரத்துல பொட்டு மாதிரி ஒரு குறி இருக்கும். அதத் தொட்டு, இந்த அலுவலகப் பக்கத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்க" என்றாய்.

எழுத்தர், "நீங்க யாருங்க? கம்ப்யூட்டர் இன்ஜினியரா?" என்றார்.

"இல்லீங்க. பொண்ணோட அண்ணன்."

அந்த ஆள் தொட்டார். படிவம் வந்துவிட்டது. அறையில் காத்திருந்த மற்ற மூன்று ஜோடிகளும் கை தட்டினார்கள். அவர்களுடைய படிவமும் காலையிலிருந்து அதே மாதிரி நின்றிருக்கிறது. இவர் உன் தோளைத் தட்டி, "மச்சான், இத்தன நாளா எங்க இருந்தீங்க?" என்றார். உன்னை மச்சான் என்று ஒருவர் கூப்பிட்டபோது நீ பின்னால் திரும்பி, யாரைக் கூப்பிடுகிறார் என்று பார்த்தாயே, அதை நினைத்து நினைத்து நானும் மகளும் ரயிலடி வரை சிரித்தோம்.

கையெழுத்துப் போடும்போது நீ ஒரு நொடிகூட நிறுத்தவில்லை. கவனித்தேன். சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

பெயர் இன்னும் வரவில்லை.

பாப்பா

* * *

மே 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெயர்: ஊதா.

இறுதி மதிப்பெண்: பச்சை எண்பத்து நான்கு, ஊதா எண்பத்தொன்று. மூன்று மதிப்பெண் குறைந்ததை நான் பரிந்துரைப்பது இதுவே முதல் முறை. காரணம் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

பச்சைக்கு நான் பத்துக்குப் பத்துக் கொடுத்த அந்த ஒரு குணம்தான் உன் வெள்ளிக்கிழமையைத் திங்கட்கிழமையாக்கப் பார்த்தது. வேண்டாததைத் தடுப்பது நல்ல குணம். ஆனால் வேண்டியதையும் சேர்த்துத் தடுத்துவிட்டு, தடுத்தேன் என்றுகூடச் சொல்லாமல் இருப்பதை நான் அமைதி என்று எழுதிவைத்திருந்தேன். ஊதாவும் தடுக்கிறது, ஆனால் "பார்க்கிறீர்களா?" என்று கேட்கிறது. அதைத் தொந்தரவு என்று எழுதி இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தேன். நோட்டைத் திருத்தவில்லை. திருத்தினால் சோதனை சோதனையாக இருக்காது. அடிக்குறிப்பு மட்டும் சேர்த்திருக்கிறேன்.

மற்றபடி, பக்கத்து நாற்காலியில் ஊதா தெரிந்த ஒருவர் இருக்கிறார். நான் தொலைவில் இருக்கிறேன். இது என் பத்துத் தலைப்பில் இல்லை. இருந்திருக்க வேண்டும். விசிறி இரைந்தால் ஆறு பக்கத்துக்கு மேல் திறக்காதே. கணக்கு ஒன்றைப் புதிதாகத் தொடங்கு. பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதே, அண்ணனுக்கும்.

கண்ணாடிக்காரரை, அதாவது மாப்பிள்ளையை, விசாரித்ததாகச் சொல். எனக்கு இன்னும் அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. தனியாக இருக்கும்போது சொல்லிப் பழகுகிறேன். நேற்று அண்ணி கேட்டுவிட்டு, "யாருக்குங்க பொண்ணு பாத்திருக்கீங்க?" என்றாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டதால் நான் தேடுவது இனி உனக்கு வராது. நேற்று நானாக உட்கார்ந்து, யாரும் கேட்காமல், 'கடலோர ஊர்கள், இரண்டு பேர், ஒரு வாரம்' என்று தேடினேன். அண்ணி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஒரு வாரம் போதுமா?" என்றாள்.

என் முதல் கடிதத்தில் ஐந்தாவதுதான் தவறு என்று மார்ச் 27இல் உன்னிடம் ஒப்புக்கொண்டேன். மறுபடி படித்துப் பார்த்தேன். ஐந்தாவதில் முறை தவறு, அதற்கு நீ மன்னித்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்கிறேன். முழுக்கத் தவறியது நான்காவது. 'புதிதாக எதையும் தேடுகிற கட்டத்தை நீயும் நானும் கடந்துவிட்டோம்' என்று எழுதியிருந்தேன். சோதித்துப் பார்க்காமல் முத்திரை குத்திவிட்டேன், பாப்பா. உன்னைப் பற்றி எழுதியதும் தவறு, என்னைப் பற்றி எழுதியதும் தவறு.

அன்புடன்,
அண்ணன்